மஞ்சள் காலிப்பரும் தேய்மானக் கணக்கும்

பிரேக் என்றால் என்ன? மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். அவ்வளவுதானே? அதற்குப் போய் யாராவது ஒன்பதாயிரம் டாலர் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்டால், கொடுக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, அப்படிக் கொடுத்து வாங்கிய பிரேக் டிஸ்க்குகளைக் கழற்றி, துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டு, சாதாரண இரும்பு டிஸ்க்கை மாட்டிக்கொண்டு ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டுப்புடவை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு நூல் புடவையில் போகிற மாதிரி. :-)

பைத்தியமா அவர்களுக்கு? இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள். அந்தக் கணக்குதான் இன்றைய விஷயம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே ருசி இருக்கும். காரணம், தமிழில் டிஸ்க் தேய்வதற்கும் தேய்மானம் என்றுதான் பெயர், கணக்குப் புத்தகத்தில் சொத்தின் மதிப்பைக் குறைத்து எழுதுவதற்கும் தேய்மானம் என்றுதான் பெயர்.

முதலில், டிராக் டே என்றால் ரேஸ் இல்லை. ஒரு ரேஸ் டிராக்கை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, பணம் கட்டியவர்கள் எல்லாம் தங்கள் சொந்தக் காரை அதில் ஓட்டிப் பார்ப்பது. கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. கார் எவ்வளவு போகும், தன்னால் எவ்வளவு ஓட்ட முடியும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான்.

இப்போது ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் ஒரு பல் டாக்டர். காலையில் இருந்து மாலை வரை அடுத்தவர் வாயில் செராமிக் பல் கட்டுவது அவர் தொழில். பல வருடம் காசு சேர்த்து ஒரு போர்ஷே 911 ஜிடி3 வாங்கப் போகிறார். ஊருக்குத் தெற்கே, ஐஃபெல் மலைப்பகுதியில் நூர்பர்க்ரிங் இருக்கிறது. 1927 இல் திறந்த டிராக். அதன் பழைய வடக்கு வளையம், ஜெர்மன் மொழியில் நோர்ட்ஷ்லைஃபே, ஒரு சுற்று 20.832 கிலோமீட்டர். காட்டுக்குள் ஏறி இறங்கிப் போகும். பல இடங்களில் ரோட்டை ஒட்டியே இரும்புத் தடுப்பு. தப்பு செய்தால் விலகிப் போக இடம் இல்லை. மாதம் ஒரு தடவையாவது அங்கே போக வேண்டும் என்பது டாக்டரின் கனவு.

ஷோரூமில் ஆப்ஷன் பட்டியல் வருகிறது. சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க் என்றால் காலிப்பர் சிவப்பு. செராமிக் டிஸ்க் என்றால் காலிப்பர் மஞ்சள். தூரத்தில் இருந்து பார்த்தாலே "இவர் செலவு செய்திருக்கிறார்" என்று தெரிய வேண்டும் அல்லவா? 2018 மாடல் ஜிடி3க்கு அமெரிக்காவில் அந்த மஞ்சளின் விலை 9,000 டாலருக்கு மேல். டிக் போடுவதா வேண்டாமா?

அவர் யோசிக்கட்டும். அதற்குள் அந்த டிஸ்க் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

செராமிக் என்றதும் பீங்கான் கோப்பை ஞாபகம் வரும். அது இல்லை. கார்பன் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டி, பிசினில் கலந்து, அச்சில் அழுத்தி டிஸ்க் வடிவத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பிறகு காற்றுப் படாத உலையில் கிட்டத்தட்ட 900 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். விறகை மூடிவைத்துச் சுட்டால் கரியாவது போல, பிசின் கரியாகிவிடும். இப்போது அது நிறைய நுண்துளைகள் உள்ள கரித்தட்டு. அடுத்து சிலிக்கான். அது 1,414 டிகிரியில் உருகும். அதற்கும் மேலே சூடாக்கி, உருகிய சிலிக்கானைக் குடிக்க விடுகிறார்கள். குலாப் ஜாமூன் ஜீராவைக் குடிப்பது போல அந்தத் தட்டு சிலிக்கானைக் குடிக்கும். உள்ளே போன சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் இருக்கும் அதே கடினமான பொருள். ஆக, வெளியே சாணைக்கல் மாதிரி கடினம், உள்ளே கார்பன் இழைகள் தரும் உறுதி. இரண்டும் சேர்ந்ததுதான் கார்பன் செராமிக்.

ஃபார்முலா 1 காரில் இருப்பதும் இதுதானா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அங்கே இருப்பது கார்பனோடு கார்பன், சிலிக்கான் கிடையாது. 1976 இல் பயணிகள் சேவைக்கு வந்த கான்கார்ட் விமானத்தில் இருந்ததும் கார்பன் பிரேக்தான். 1970களில் பிராபம் அணி அதை ஃபார்முலா 1 காரில் சோதித்துப் பார்த்தது. ஆனால் அந்த வகை பிரேக் சூடானால்தான் சரியாகப் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது முதல் சிக்னலிலேயே கம்பி நீட்டிவிடும். அதனால்தான் ரோட்டில் ஓடும் காருக்குச் செராமிக் கலந்த வகை வந்தது. போர்ஷே 2001 இல் வந்த 911 ஜிடி2 காரில் இதைக் கட்டாயப் பொருத்தமாகவே கொடுத்தது. அடுத்த வருடம் வந்த ஃபெராரி என்ஸோவிலும் இதே வகைதான்.

நன்மைகள் பொய்யில்லை. அதே அளவு இரும்பு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய பாதி. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தால் மேடு பள்ளத்தில் டயர் ரோட்டை விடாமல் பிடிக்கும், ஸ்டியரிங் லேசாகும். துரு பிடிக்காது. வீலில் கருப்புத் தூள் அப்பாது. நல்ல சூட்டிலும் பிடிப்பு மாறாது. ரோட்டில் மட்டும் ஓட்டினால் ஒரே செட்டில் பல வருடம் தள்ளிவிடலாம். டிஸ்க் மாற்றும் நிலை வருவதற்குள் பலர் காரையே விற்றிருப்பார்கள்.

பிறகு டிராக்கில் மட்டும் என்ன பிரச்சினை? சூடு.

பிரேக் என்பது வேகத்தை அழிப்பதில்லை. வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. நோர்ட்ஷ்லைஃபேயில் ஷ்வேடன்க்ரோய்ட்ஸ் என்ற மேட்டைத் தாண்டியதும் அரெம்பெர்க் என்ற வலது வளைவு வரும். படுவேகமான இடத்துக்கு அடுத்து மெதுவான வளைவு. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ உள்ள ஒரு கார் மணிக்கு 220 கிலோமீட்டரில் இருந்து 100க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற வேண்டிய சக்தி சுமார் 22 லட்சம் ஜூல். புரிகிற மாதிரி சொன்னால், ஏழரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதி நிலைக்குக் கொண்டு போகும் சூடு. கிளாஸுக்கு நூறு மில்லி என்றால் 75 பேருக்கு டீ போடலாம், மொத்த வகுப்புக்கும். 1,500 வாட் மின்சாரக் கெட்டிலுக்கு அதற்கு ஏறக்குறைய 25 நிமிடம் வேண்டும். காருக்குக் கிடைப்பதோ மூன்றரை விநாடி!

காற்றுத் தடையும் கொஞ்சம் உதவும். மற்றபடி அந்தச் சூட்டில் பெரும்பங்கு நான்கு டிஸ்க்குகளில்தான் இறங்க வேண்டும். அதிலும் முன்னால் உள்ள இரண்டுக்குத்தான் அதிகம். ஆறுவதற்குள் அடுத்த வளைவு.

இங்கேதான் லேசான எடை திருப்பித் தாக்குகிறது. ஒரு கிலோ கார்பன் செராமிக் ஒரு கிலோ இரும்பைவிட அதிகச் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் கிலோவே பாதிதானே இருக்கிறது? கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதே அளவு டிஸ்க், அதே மிதிக்கு, இரும்பைவிடக் கூடுதலாகவே சூடாகும். அதனால்தான் கம்பெனிகள் செராமிக் டிஸ்க்கைக் கொஞ்சம் பெரியதாகச் செய்கின்றன.

சூடானால் என்ன, செராமிக் தாங்குமே? செராமிக் பாகம் தாங்கும். கார்பன் இழை? அது கரி. இஸ்திரிப் பெட்டிக் கரியை ஊதினால் என்ன ஆகும்? கனன்று கனன்று கரைந்து போகும். காற்றில் கார்பன் சுமார் 400, 500 டிகிரிக்கு மேல் ஆக்சிஜனோடு சேர ஆரம்பித்துவிடும். டிராக்கில் டிஸ்க் 600, 700 டிகிரியை எட்டுவது சாதாரணம். போதாக்குறைக்கு டிஸ்க்குக்கு நடுவே உள்ள துவாரங்கள் வழியாகக் காற்று வேறு ஊதிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழை கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகப் போய்விடும். சாம்பல்கூட மிஞ்சாது.

சிட்டி டிராஃபிக்கில் டிஸ்க் அந்தச் சூட்டின் பக்கமே போவதில்லை. ஆகவே அங்கே இந்த எரிதல் கிட்டத்தட்டப் பூஜ்யம். "ரோட்டில் பத்து வருஷம் வந்ததே, டிராக்கில் ரெண்டு வருஷமாவது வராதா?" என்று வகுத்துப் பார்ப்பது தப்பாவது இதனால்தான். ஒரு எல்லைக்குக் கீழே செலவே இல்லை. எல்லையைத் தாண்டினால் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். டிஸ்க்கின் வயதைக் கிலோமீட்டரில் எண்ணினால் தப்புக் கணக்குத்தான் வரும். எத்தனை தடவை எவ்வளவு சூடானது என்றுதான் எண்ண வேண்டும்.

இப்போது அக்கவுண்டன்ஸி வகுப்புக்குள் வாருங்கள். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் ஒரே தொகையைத் தேய்மானமாக எழுதுவோம். கட்டடத்துக்குச் சரி. ஓடினால்தான் தேயும் இயந்திரத்துக்கு உற்பத்தி அலகு முறை: எவ்வளவு வேலை வாங்கினோமோ அவ்வளவு தேய்மானம். ஐஏஎஸ் 16 இன்னொன்றும் சொல்கிறது. ஒரு சொத்தில் பெரிய விலையுள்ள பாகம் தனியாக இருந்தால் அதற்குத் தனியாகத் தேய்மானம் எழுத வேண்டும். அவர்கள் கொடுக்கும் உதாரணம் விமானமும் அதன் இன்ஜினும். டிராக்குக்குப் போகும் காரும் அதன் செராமிக் டிஸ்க்கும் அதே மாதிரிதான்.

டாக்டருக்காக ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டும். செராமிக் செட் ஒன்று மாற்ற 20,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 40 டிராக் நாள் வந்தால் நாளுக்கு 500. 20 நாள்தான் வந்தால் நாளுக்கு 1,000. இரும்பு செட் 3,000 யூரோ, 10 நாள் வருகிறது என்றால் நாளுக்கு 300. இரும்பு சீக்கிரம் போகிறது, ஆனாலும் மலிவு. "நீடித்து உழைக்கும்" பொருள் எப்போதும் சிக்கனமான பொருள் இல்லை. ஷோரூமில் கேட்கும் கேள்வி "எத்தனை வருஷம் வரும்?" டிராக்குக்குப் போகிறவர் கேட்க வேண்டியது "ஒரு சுற்றுக்கு எவ்வளவு?"

போர்ஷேயும் இதை மறைக்கவில்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டினால் எவ்வளவு உறுதியான டிஸ்க்குக்கும் பேடுக்கும் ஆயுள் நன்றாகக் குறையும், ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் ஆள் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர்கள் விளக்கப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம்மூர் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி இரண்டு விநாடி மாதிரி. ;-)

சரி, காசு அவர் காசு. போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் இதில் காசைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது.

இரும்பு டிஸ்க் தேய்ந்தால் மெலியும். அளந்து பார்த்தால் தெரியும். சூடு தாங்காவிட்டால் மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு வரும். வெடிப்பு நீண்டு விளிம்பைத் தொட்டால் தூக்கிப் போடு என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். கெட்டுப் போகும்போது "கெட்டுப் போகிறேன்" என்று அதுவே சொல்லிவிடும்.

செராமிக் அப்படி இல்லை. இழை எரிந்தாலும் தடிமன் பெரிதாக மாறாது. குறைவது எடை. அதனால்தான் பல செராமிக் டிஸ்க்குகளின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடையை அச்சிட்டிருப்பார்கள். கழற்றித் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு கார்பன் மிச்சம் என்று மின்காந்த முறையில் அளக்க கார்போடெக் என்று ஒரு கருவி உண்டு, அதை வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் அனுபவம் இல்லாதவருக்கு "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் தோன்றும்.

இதோடு விலையையும் சேர்த்துப் பாருங்கள். சாயங்காலம் நாலு மணி. இன்னும் ஒரு செஷன் பாக்கி. டிஸ்க்கின் எடை எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். இரும்பு டிஸ்க்காக இருந்தால் டாக்டர் இரண்டாவது யோசனையே இல்லாமல் மாற்றியிருப்பார். ஆனால் இது அவர் ஆசை ஆசையாக வாங்கிய மஞ்சள் காலிப்பர். மாற்றினால் ஒரு சின்னக் கார் விலை. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனசு சொல்லும். வாங்கும்போது கொடுத்த பணம் போன காசு. இன்று எடுக்கும் முடிவில் அதற்கு இடமே இருக்கக் கூடாது என்று முதல் வருடத்திலேயே படிக்கிறோம். பரீட்சையில் எழுதுவது சுலபம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதே பதிலை எழுதுவது கஷ்டம்.

விலை உயர்ந்த பாதுகாப்புக் கருவியின் ஆபத்து இதுதான். மாற்ற மனசு வராது. மனசு வராததால் அது பாதுகாப்பாகவும் இருக்காது. யோசிக்காமல் மாற்றக்கூடிய மலிவான டிஸ்க், மாற்றத் தயங்கும் உயர்ந்த டிஸ்க்கைவிட டிராக்கில் பத்திரமானது.

இன்னொரு மூடநம்பிக்கையும் உண்டு. செராமிக் போட்டாயிற்று, இனி பிரேக் போகவே போகாது என்பது. டிஸ்க் தாங்கலாம், பிரேக் ஆயில்? டாட் 4 தரத்துக்குப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரத்தை இழுத்துக்கொண்ட பழைய ஆயிலுக்கு அந்த எல்லை 155 தான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த நேரத்தில் காலிப்பர் மஞ்சளா சிவப்பா என்று அரெம்பெர்க் வளைவு பார்க்காது. சில நூறு ரூபாய் பாட்டிலை நேரத்துக்கு மாற்றாததால் ஒன்பதாயிரம் டாலர் வீணாகும்.

சில்லறை ஆபத்துகளும் இருக்கின்றன. வீலைக் கழற்றி மாட்டும்போது கை நழுவி டிஸ்க் விளிம்பில் இடித்தால் சில்லு பெயரலாம். அதனால் வழிகாட்டிக் கம்பிகளைத் திருகிவிட்டுத்தான் வீலைக் கழற்றச் சொல்கிறார்கள். டிராக்கை விட்டு விலகி ஜல்லியில் இறங்கினால் இடுக்கில் கல் மாட்டிக்கொண்டு உரசும். இரும்பில் அது கீறல்; செராமிக்கில் பெரிய பில்.

"அப்போ ரேஸ்காரர்கள் என்ன போடுகிறார்கள்?" நல்ல கேள்வி. இதே நோர்ட்ஷ்லைஃபேயில் 1970 முதல் 24 மணி நேர ரேஸ் நடக்கிறது. அங்கே முன்வரிசையில் ஓடும் ஜிடி3 வகுப்புக் கார்கள் (போர்ஷே மாடல் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பல கம்பெனிக் கார்களுக்கும் பொதுவான ரேஸ் வகுப்பு) இரும்பு டிஸ்க்கில்தான் ஓடுகின்றன. செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதியே அப்படி. ராத்திரி பகல் பார்க்காமல் அவர்கள் அடிக்கிற அடிக்கு இரும்பு போதும் என்றால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிற டாக்டருக்குப் போதாதா?

செராமிக் வேண்டாம் என்பதில்லை. ரோட்டில் ஓட்டி, மலைப்பாதையில் ரசித்து, எப்போதாவது ஒரு டிராக் நாள் என்றால் மஞ்சள் அருமையான தேர்வு. கையில் பணமும், ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் எடை போட்டுப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் டிராக்கிலும் சரி. துண்டு இழைக்குப் பதில் நீள இழையில் செய்த டிஸ்க்குகளும் வந்திருக்கின்றன. அவை சூட்டை நன்றாகக் கடத்தும், மேல்பரப்பைப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியும். ஏற்கெனவே செராமிக்கோடு காரை வாங்கியவர்கள்தான் முதலில் சொன்ன பரண்காரர்கள். டிராக்குக்கு இரும்பு, விற்கும்போது பரணில் இருந்து இறக்கினால் புத்தம் புது செராமிக். எறிமதிப்பைக் காப்பாற்றும் வித்தை! பட்டுப்புடவை பீரோவில் இருப்பதன் ரகசியம் இதுதான்.

டாக்டர் இன்னும் ஷோரூமில்தான் உட்கார்ந்திருக்கிறார். பளபளக்கும் செராமிக்கைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே முத்து மாதிரி பல், உள்ளே சொத்தை என்று எத்தனை வாயைப் பார்த்திருப்பார்! வலிக்கவில்லையே, எதற்கு எக்ஸ்ரே என்று கேட்கும் நோயாளியிடம் என்ன சொல்வாரோ, அதைத் தனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறார்.

சிவப்பில் டிக் போடுகிறார். மிச்சமான பணத்தில் ஒரு செட் உபரி டிஸ்க், இரண்டு செட் பேட், சீசனுக்கு வேண்டிய பிரேக் ஆயில். போக, டிராக் கட்டணத்துக்கும் கொஞ்சம் இருக்கும்.

பி.கு.: இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. 2017 இல் அறிமுகமான கயென் காரோடு, இரும்பு டிஸ்க்கின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசிய பிரேக்கைப் போர்ஷே கொண்டு வந்தது. அதற்குக் காலிப்பர் வெள்ளை. அதன் பெருமை தூள் குறைவதும் பளபளப்பும்தான். ஆகவே வெள்ளையைப் பார்த்ததும் டிராக்குக்கு என்று நினைத்துவிட வேண்டாம். :-)